எழுதப்படாத முதல் வரி

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் எழுந்து வந்தபோது நாவலடி மக்களுக்கு ஓடுவதற்கு இடமில்லை. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. கல்லடி, திருச்செந்தூர், தெற்கே கல்முனை வரை, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை முழுவதும் அடிபட்டது. இலங்கை முழுவதிலும் இறந்தவர்கள் 30,000 பேருக்கும் மேல். பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் முகாம்களாகின. ஒவ்வொரு முகாமிலும் ஒரே விதமான கேள்விகள் எழுந்தன. யார் எங்கே இருக்கிறார்? யாரைக் காணவில்லை? எந்த முகாமில் எத்தனை குடும்பம்? எந்த நிறுவனம் எந்த ஊருக்கு எதைக் கொண்டுவருகிறது? பதில்கள் கொப்பிகளிலும் துண்டுத்தாள்களிலும் சிதறிக் கிடந்தன.

கொழும்பில் மென்பொருள் எழுதுபவர்கள் சிலர் இந்தக் கேள்விகளுக்காகவே சில வாரங்களில் ஒரு மென்பொருளைக் கட்டினார்கள். அதுதான் சகானா. 2003இல் தொடங்கப்பட்டிருந்த லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் தாயகம். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, உதவிக் கோரிக்கைகள் எனப் பகுதி பகுதியாக அது வளர்ந்தது. பிஎச்பி மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், திறந்த மூல உரிமம். அரசின் தேசிய செயற்பாட்டு நிலையம் அதைப் பயன்படுத்தியது. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டில் ஜோக்ஜகார்த்தா நிலநடுக்கம் என ஒவ்வோர் அழிவுக்கும் சகானா பயணப்பட்டது. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்கு வழங்கியது.

எழுதியவர்கள் அருகில் இருந்தவரை ஒரு கோளாறு வந்தால் அவர்களே சரிசெய்துவிடலாம். பாகிஸ்தானில் அதை நிறுவுபவருக்கு ஓர் உதவிக் கையேடும் ஒரு நிறுவல் ஸ்கிரிப்டும்தான் துணை. அவரிடம் என்ன கணினி இருக்கும், கரண்ட் இருக்குமா, இணையம் இருக்குமா என்பது எழுதியவருக்குத் தெரியாது. தன் அறையில் எது இயல்பாக இருந்ததோ அது எல்லா அறையிலும் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பே எந்த நிறுவல் கையேட்டிலும் முதல் வரி. எங்குமே அது எழுதப்பட்டிருப்பதில்லை. அதைக் கண்டுபிடித்து எழுத வைப்பதுதான் கையேட்டையும் ஸ்கிரிப்டையும் சோதிக்கும் ஆய்வாளரின் வேலை.

இரண்டு வாசகர்கள்

நமது தரவை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சேர்வரில் வைக்காமல், நம் மேசையடியில் உள்ள கணினியிலோ நாம் வாடகைக்கு எடுத்த சேர்வரிலோ மென்பொருளை நாமே நிறுவி நடத்துவது சுய நிறுவல். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளைத் தன் தளத்தில் நிறுவித்தான் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. செலவு ஒரு காரணம், தரவு யார் கையில் என்பது அதைவிடப் பெரிய காரணம். போர் நடக்கும் மண்ணில், எந்த முகாமில் யார் இருக்கிறார் என்ற பட்டியல் யார் கையில் சிக்குகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

நிறுவலுக்கு இரண்டு எழுத்துகள் வேண்டும். கட்டளைகளின் தொகுப்பான ஸ்கிரிப்டைக் கணினி வாசிக்கிறது. கையேட்டை மனிதர் வாசிக்கிறார். கணினிக்கு ஊகிக்கத் தெரியாது. எழுதியதை எழுதியபடியே செய்யும். மனிதரோ விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்வார். அதனால் அனுபவசாலி ஒருவர் கையேட்டைப் பார்த்து நிறுவி, “எனக்கு வேலை செய்தது” என்று சொல்வது அந்தக் கையேட்டைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்லாது. விடுபட்ட இடங்களில் அவர் கை தானாகவே சரியான கட்டளையைத் தட்டியிருக்கும்.

ஓர் இடைவெளி, ஒரு வெற்றிடம்

ஸ்கிரிப்டில் சிறு பிழைக்கு எவ்வளவு விலை என்பதற்கு இரண்டு கதைகள் போதும்.

பம்பிள்பீ என்பது மடிக்கணினிகளின் என்விடியா வரைகலை அட்டையை லினக்ஸில் இயக்க உதவும் மென்பொருள். 2011இல் அதன் நிறுவல் ஸ்கிரிப்டில், ஆழத்தில் உள்ள ஒரு பழைய கோப்புறையை அழிக்கும் வரி ஒன்று இருந்தது. அந்தக் கோப்புறையின் முகவரிக்கு நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கணினி அதை இரண்டு முகவரிகளாக வாசித்தது. முதலாவது ‘யூஎஸ்ஆர்’, அதாவது இயங்குதளத்தின் பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருக்கும் கோப்புறை. நிறுவியவர்களின் கணினியில் அது முழுவதும் அழிந்தது.

2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் வேறொரு பிழை வெளிப்பட்டது. ஸ்டீம் இருக்கும் இடத்தை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்குக் கீழ் உள்ள அனைத்தையும் அழிக்கும் வரி. கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியிருந்தால் அந்த மாறி வெறுமையாகிவிடும். வெறுமைக்குக் கீழ் உள்ள அனைத்தும் என்றால் முழு வட்டு. பயனரின் கோப்புகள், இணைத்திருந்த வெளி வட்டு உட்பட, போயின. எழுதியவருக்கும் அந்த இடத்தில் நெஞ்சு பதைத்திருக்கிறது. பயமாக இருக்கிறது என்ற பொருள்படும் ஒற்றைச் சொல்லை அந்த வரிக்கு மேல் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். பயத்தை எழுதியவர் பரிசோதனையை எழுதவில்லை. மாறி வெறுமையாக இருந்தால் நிறுத்து என்று ஒரு வரி போதுமாயிருந்தது.

ஆகவே ஸ்கிரிப்டை வாசிக்கும்போது முதலில் தேட வேண்டியவை அழிக்கும் கட்டளைகள். அவை எந்த மாறியை நம்பியிருக்கின்றன, அந்த மாறி வெறுமையாக வர வழியுண்டா, முகவரிகள் மேற்கோள் குறிக்குள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கிறதா, அல்லது ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போகிறதா என்பது. இத்தகைய ஸ்கிரிப்டுகள் எழுதப்படும் பாஷ் மொழியின் இயல்பு இரண்டாவது. நிற்கச் சொன்னால்தான் நிற்கும்.

பாதியில் அறுந்தால்

பல கையேடுகளின் முதல் கட்டளை, ஸ்கிரிப்டை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே பாஷிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. ஒரே வரி, பார்ப்பதற்கு அழகு. நல்ல இணைப்பு உள்ள நகரத்தில் எழுதப்பட்ட வரி அது. டொங்கிளில் ஓடும் இணைப்பு பாதியில் அறுந்தால், வந்து சேர்ந்த பாதியை பாஷ் இயக்கிவிடும். நீண்ட முகவரி ஒன்றை அழிக்கச் சொல்லும் வரி அதன் முதல் பாதியோடு நின்றுவிட்டால், பம்பிள்பீயின் இடைவெளி செய்த வேலையை இங்கே அறுந்த இணைப்பு செய்யும். இதற்குத் தீர்வு எளியது. எல்லாக் கட்டளைகளையும் ஒரு செயற்கூற்றுக்குள் அடைத்து, அதை அழைக்கும் வரியைக் கோப்பின் கடைசியில் வைத்தால், கடைசி வரி வந்து சேரும்வரை எதுவும் இயங்காது. ஆய்வாளர் கோப்பின் முதல் வரிக்கு முன் கடைசி வரியைப் பார்ப்பது இதனால்தான்.

கரண்டும் அப்படித்தான். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுவதும் இருண்டது என்றார் மின்சக்தி அமைச்சர். நிறுவலின் நடுவில் இப்படி நடந்தால்? தரவுத்தளம் உருவாகிவிட்டது, அட்டவணைகள் பாதி உருவாகிவிட்டன, கடவுச்சொல் கோப்பில் எழுதப்படவில்லை. மறுபடி ஸ்கிரிப்டை ஓடவிட்டால் “தரவுத்தளம் ஏற்கெனவே உள்ளது” என்று அது நின்றுவிடலாம். இன்னும் மோசம், ஏற்கெனவே உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். ஆறு மாதப் பதிவுகள் இருக்கும் சேர்வரில் யாரோ தெரியாமல் அதை இரண்டாம் முறை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனை முறை ஓடவிட்டாலும் ஒரே முடிவு தருவது நல்ல ஸ்கிரிப்டின் இலக்கணம். சோதிப்பதும் சுலபம்: நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள், திரும்ப ஓடவிடுங்கள்.

எட்டு எழுத்து, 36 பைட்

மட்டக்களப்பு என்ற பெயரில் எத்தனை எழுத்து? விரல்விட்டு எண்ணினால் எட்டு. யுனிகோடுக்கு அது 12 குறிகள். புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால். யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஆக 36 பைட். ஆங்கிலத்தில் அதே ஊர்ப் பெயர் 10 பைட்டில் முடிந்துவிடும்.

சகானா பிறந்த காலத்து மைஎஸ்க்யூஎல்லில், எதுவும் சொல்லாமல் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கினால் அது லத்தீன் 1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையில் உருவாகும். 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை இந்த நிலைதான். அப்படிப்பட்ட அட்டவணையில் ஊர்ப் பெயருக்கு 30 இடம் ஒதுக்கியிருக்கிறது என்று வையுங்கள். செயலி தமிழ் பைட்டுகளை அப்படியே தள்ளினால் முதல் 30 பைட் மட்டும் உள்ளே போகும். அதாவது 10 குறிகள். பதிவில் இருப்பது ‘மட்டக்களப்’. அந்நாளைய இயல்பு அமைப்பில் மைஎஸ்க்யூஎல் இதற்குப் பிழை காட்டாது. எவரும் பார்க்காத ஓர் எச்சரிக்கையோடு வெட்டிவிட்டு, சேமித்தாயிற்று என்று சொல்லும். இணைப்பு யூடிஎஃப் 8, அட்டவணை லத்தீன் 1 என்று முரண்பட்டால் இன்னும் கேடு. ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒரு கேள்விக்குறியாகும். காணாமற்போன ஒருவரின் பெயர் வரிசையான கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டபின் எந்த மந்திரத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

இலங்கைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அக்காலத்தில் இங்கே தமிழ் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். லத்தீன் 1 தரவுத்தளம் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல். தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தினால் வரிசை கெடும்.

இவற்றில் எதையும் ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதிப்பவர் காண மாட்டார். கையேட்டில் இருக்க வேண்டியது ஒரே வரி: தரவுத்தளத்தை யூடிஎஃப் 8 எழுத்துமுறையில் உருவாக்குக. ஆய்வாளர் செய்ய வேண்டியதும் ஒரே காரியம்: நிறுவி முடித்த கையோடு நீளமான தமிழ்ப் பெயர் ஒன்றைப் பதிந்து, வெளியேறி, மறுபடி உள்ளே வந்து, அதே பெயரைத் தேடிப் பார்ப்பது.

வாவியின் இரு கரை, இரு நேரம்

நேரவலயத்தை ஆசியா, கொழும்பு என்று வைக்கவும். இப்படி ஒரு வரி எல்லாக் கையேட்டிலும் வரும். கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகும் வரி. ஆனால் அதற்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிக்க இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அந்த ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. அப்படியே சர்வதேச நேரத்துக்கு ஆறு மணி முன்னால் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஓடியது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழைய ஐந்தரை மணிக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே தொடர்ந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி அப்போது அவர்கள் வசம். எழுவான்கரையில் பத்து மணி என்றால், தோணியில் அக்கரை சேர்ந்தால் ஒன்பதரை.

2005இல் ஒரு பதிவேட்டில் “கடைசியாகக் கண்டது காலை 10 மணி” என்று பதிந்திருந்தால் அது எந்தப் பத்து மணி? மைஎஸ்க்யூஎல்லில் திகதியையும் நேரத்தையும் சேமிக்க இரண்டு வகைகள் உண்டு. ஒன்று சர்வதேச நேரமாக மாற்றிச் சேமிக்கும். மற்றது நேரவலயத்தைப் பொருட்படுத்தாமல் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டாவதைத் தேர்ந்த மென்பொருளில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இன்னொன்று: நேரவலய விதிகள் இயங்குதளத்தோடு வரும் ஒரு கோப்பில் இருக்கின்றன. 2006 ஏப்ரலுக்கு முந்திய குறுந்தட்டிலிருந்து நிறுவிய சேர்வருக்கு இலங்கை தன் நேரத்தை மாற்றியது தெரியாது. கையேட்டின்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் அது அரை மணி முந்தியே ஓடும். நேரத்தைச் சர்வதேச நேரமாகச் சேமி, திரையில் மட்டும் உள்ளூர் நேரமாகக் காட்டு, நேரவலயக் கோப்பைப் புதுப்பித்து வை என்ற மூன்று அறிவுரைகளும் இருக்கின்றனவா என்று ஆய்வாளர் பார்க்கிறார்.

முகத்துவாரம்

மாரி மழையில் வாவி நிறையும்போது பாலமீன்மடுவுக்கு அப்பால் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணற்றிட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டாவிட்டால் வயலுக்குள் வெள்ளம்; காலம் தவறி வெட்டினால் உப்புநீர் உள்ளே வரும். எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. சேர்வரின் இணைப்புவாசல்களும் அப்படியே. சிலவற்றைத் திறக்காமல் மென்பொருள் பயன்படாது. எவை திறந்தன என்று கையேடு சொல்லாவிட்டால் ஆபத்து.

மொங்கோடிபி தரவுத்தளம் அனுபவித்தது இதுதான். பல நிறுவல்கள் கடவுச்சொல் இன்றி, முழு இணையத்துக்கும் திறந்தபடி இருந்தன. 2017 ஜனவரியில் ஊடுருவியவர்கள் பல்லாயிரக்கணக்கான தரவுத்தளங்களை அழித்துவிட்டு, திருப்பித்தரப் பணம் கேட்டு ஒரு குறிப்பை மட்டும் விட்டுச்சென்றார்கள். அதே ஆண்டு வந்த 3.6 பதிப்பு முதல், வேறுவிதமாகச் சொல்லாதவரை அது தன் கணினிக்குள் மட்டுமே பேசும். மென்பொருள்களைக் கொள்கலன்களில் இயக்கும் டொக்கரிலும் ஒரு பொறி உண்டு. உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ தடுப்புச்சுவரில் மூடிவைத்த வாசலை டொக்கர் தன் விதிகளால் திறந்துவிட முடியும். மூடியிருப்பதாகவே உரிமையாளர் நம்பிக்கொண்டிருப்பார். ஆகவே சேர்வரின் உள்ளிருந்து பார்த்தால் போதாது. வெளியே வேறொரு கணினியிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். ‘அட்மின்’ என்ற பயனருக்கு ‘அட்மின்’ என்றே கடவுச்சொல் வைத்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கையேட்டையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

இது அதுதானா?

ஸ்கிரிப்டை வாசித்தாயிற்று. வாசித்ததும் ஓடவிடப்போவதும் ஒன்றுதானா? 2021 ஜனவரி 31 முதல் கோட்கவ் என்ற நிறுவனத்தின் பாஷ் ஸ்கிரிப்டை யாரோ திருத்தி, அதை ஓடவிட்டவர்களின் இரகசியச் சாவிகளைத் திருடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் எவருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 1ஆம் திகதி வாடிக்கையாளர் ஒருவர், இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை வெளியிடப்பட்ட எண்ணுடன் ஒப்பிட்டார். பொருந்தவில்லை. பெருங்கூட்டத்தில் ஒருவர் கையேட்டின் சலிப்பூட்டும் ஒரு படியைச் செய்தார், திருட்டு பிடிபட்டது.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில், 2024 மார்ச் 29இல் பொறியாளர் ஆந்திரஸ் பிராயிண்ட் வெளிப்படுத்திய சதி இன்னும் நுட்பமானது. எல்லோரும் வாசிக்கும் மூலநிரலில் அந்தச் சதியை இயக்கிவிடும் வரி இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்த கட்டுமான ஸ்கிரிப்டில் அது ஒளிந்திருந்தது. ஆட்கள் நிரலைத்தான் படிப்பார்கள், நிறுவல் கோப்புகளைப் படிக்கமாட்டார்கள் என்று சதிகாரர் கணக்குப்போட்டிருந்தார். சேர்வருக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆனது ஏன் என்று பிராயிண்ட் தோண்டியதால்தான் அது பிடிபட்டது.

திரும்பக் கிடைக்கும் வழி

நிறுவல் கையேடு நிறுவுவதோடு முடிந்தால் அது பாதிக் கையேடு. 1978 நவம்பர் 23இன் சூறாவளியையும் 2011 ஜனவரியின் வெள்ளத்தையும் கண்ட ஊரில் மேசையடிக் கணினி நனையுமா என்று கேட்பதற்கில்லை. எப்போது என்பதே கேள்வி.

2017 ஜனவரி 31 இரவு, நிரல்களை இணையத்தில் வைத்திருக்க உதவும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சேர்வரில் 300 ஜிபி அளவிலான தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். அன்றாட பெக்கப்பைத் தேடினார்கள், இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பெக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு. நாள்தோறும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த பிரதி ஒன்று தற்செயலாகக் காப்பாற்றியது. இலங்கை அரசுக்கு அந்தத் தற்செயலும் வாய்க்கவில்லை. 2023 ஓகஸ்ட் 26இல் அரச மேகக் கணிமை மீதான தாக்குதலில் ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையான மடல்களுக்குப் பெக்கப் இல்லை.

எனவே கையேட்டில் பெக்கப் எடுக்கும் பகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில் பயனில்லை. மீட்கும் பகுதி இருக்கிறதா, அதன்படி வெறும் கணினி ஒன்றில் மீட்க முடிகிறதா என்று செய்து பார்க்க வேண்டும். எவை சேர்ந்தால் முழு பெக்கப் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். மீடியாவிக்கியில் தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் கட்டுரைகள் மிஞ்சும், ஏற்றிய படங்களும் கோப்புகளும் போய்விடும். அமைப்புக் கோப்பும் தனியே வேண்டும்.

ஆய்வு நடத்தும் முறை

இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. எதுவும் நிறுவப்படாத ஒரு கணினி அல்லது மெய்நிகர் கணினி, கையேட்டின் அச்சுப்பிரதி, மென்பொருளை அறியாத ஒருவர் போதும். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் ஒருவர் இதற்கு அனுபவசாலியைவிடப் பொருத்தமானவர். அவர் நிறுவட்டும். அறிந்தவர் பக்கத்தில் வாய்திறக்காமல் உட்கார்ந்து, மாணவரின் கை தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு இணையத்தைத் துண்டித்து ஒருமுறை, கரண்டை நிறுத்தி ஒருமுறை, தமிழ்ப் பெயர்களோடு ஒருமுறை, கடைசியில் அழித்து மீட்டு ஒருமுறை.

கிடைத்த குறிப்புகளை உள்ளூரில் மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த ஊர்க்காரரும் அதே இடத்தில் தடுக்கிவிழுவார். திறந்த மூலம் தருவது வாசிக்கும் உரிமையை மட்டுமல்ல, திருத்தி அனுப்பும் உரிமையையும். எழுத்துமுறை பற்றிய ஒரு வரி, மாறி வெறுமையா என்று பார்க்கும் ஒரு வரி என மூலத்திட்டத்துக்கு அனுப்பிய திருத்தம் ஏற்கப்பட்டால், நேபாளத்திலும் கென்யாவிலும் அதே மென்பொருளை நிறுவுபவருக்கும் அது போய்ச் சேரும். சுனாமிக்குப் பின் இந்தத் தீவில் எழுதப்பட்ட நிரலைப் பாகிஸ்தான் பயன்படுத்தியது. இணையம் அறும், கரண்ட் நிற்கும், பெயர்கள் நீளும் ஓர் ஊரில் தாக்குப்பிடித்த கையேடு மற்ற ஊர்களுக்கும் தாங்கும். வசதியான அறையில் எழுதுபவருக்குத் தன் அறையின் சுவர்கள் தெரியாது. அவற்றைச் சொல்லக்கூடியவர் வெளியில் நிற்பவரே. அதனால் இந்த வேலையில் மட்டக்களப்பு உதவிபெறும் இடத்தில் இல்லை, உதவும் இடத்தில் இருக்கிறது.